இடதுகை அருவாளுக்கு 650 ரூபாய் – ஆமாங்க, தெரிஞ்சேதான் கொடுத்தேன்

சொல்லிவச்சு அடிச்சு வாங்கின கருக்கருவா ஒண்ணோட படத்தை நண்பர்கள் சிலருக்கு அனுப்பியிருந்தேன். இடதுகைக்குன்னே செஞ்சது. விலை 650 ரூபாய், காத்திருந்தது ஏழு வாரம். சென்னையிலயும் பெங்களூர்லயும் இருக்கற மூணு நாலு பேர் ஒரே மாதிரி சிரிச்சாங்க. "ஆன்லைன்ல 180 ரூபாய்க்கு வீட்டு வாசல்லயே கொண்டாந்து கொடுக்கறானே" என்றார் ஒருத்தர். "அருவாள்ல என்னய்யா இடது வலது?" என்றார் இன்னொருத்தர். மூணாமத்தவர் கொஞ்சம் படிச்சவர், "இந்தக் காலத்துல யார் கையால அறுக்கறா? எல்லாம் மிஷின்தானே" என்று முடிச்சுட்டார்.

போன்ல சிரிச்சுட்டு வச்சுட்டேன். ஆனா ரெண்டு நாளா மனசுல அரிச்சுட்டே இருக்கு. அதான் எழுதறேன். கொஞ்சம் காரமாத்தான் இருக்கும், பொறுத்துக்குங்க.

முதல்ல அந்த மிஷின் பேச்சை முடிச்சுடலாம். கொடிவேரி அணையில இருந்து வர்ற தடப்பள்ளி வாய்க்கால் பாசனம் எங்களது. நெல்லுக்கு அறுப்பு வண்டிதான் வருது, மறுக்கலை. ஆனா வண்டி வயலுக்குள்ள இறங்கித் திரும்பறதுக்கு மூலையெல்லாம் முன்னாடியே ஆள் வச்சு அறுத்து விடணும். மழையில படுத்த நெல்லை வண்டி பாதி விட்டுட்டுப் போயிடும். அதெல்லாம்கூட வருசத்துல சில நாள் வேலை. மாட்டுக்குப் புல்? அது தினம். காலையில ஒரு கட்டு, சாயங்காலம் ஒரு கட்டு. வரப்புப் புல், கோ-4 தீவனப்புல், கோடையில சோளத்தட்டு. ரெண்டு மாடு வச்சிருக்கற வீட்டுல எந்த மிஷின் வந்து புல் அறுக்குது? நீங்க காலையில காபிக்கு ஊத்தற பால் பாக்கெட்டுக்குப் பின்னாடி ஒரு பொம்பளை குனிஞ்சு அருவாள் பிடிச்சிருக்கா. பெரும்பாலும் பொம்பளைதான். அதனாலயோ என்னவோ, அந்த அருவாளைப் பத்தி யாரும் யோசிச்சதில்லை.

இப்ப இடது வலது விஷயத்துக்கு வர்றேன். கேட்டவர்கிட்ட கத்தரிக்கோலை இடது கையில பிடிச்சு காகிதம் வெட்டிப் பாருங்கன்னேன். வெட்டாது, மடிக்கும். அதே கதைதான் இதுவும்.

எங்க பக்கத்துக் கருக்கருவாளை எடுத்து வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க. ரெண்டு முகமும் ஒண்ணு போல இருக்காது. அடிமுகம் தட்டையா இருக்கும். அதுலதான் உளி வச்சு நெருக்க நெருக்கமா வெட்டுப் போட்டிருப்பார் ஆசாரி. அந்த வெட்டெல்லாம் பிடியைப் பார்த்துச் சாய்ஞ்சிருக்கும். நம்ம பக்கம் இழுக்கறப்ப கடிக்கணும், தள்ளறப்ப வழுக்கணும், அதுக்காக. மேல்முகத்தைச் சரிவாச் சீவி விட்டிருப்பார். வலது கையில பிடிச்சு இழுத்தா, மேல இருக்கற சரிவு அலகைக் கீழ்நோக்கி அமுத்தும். அருவாள் தரையோட போகும். பயிரைப் பிடிச்சிருக்கற இடது கை மேல இருக்கும். கையும் அலகும் விலகி விலகிப் போகும். எந்தக் காலத்திலயோ எவனோ அறுத்து அறுத்துக் கண்டுபிடிச்ச சூட்சுமம் இது.

அதே அருவாளை இடது கைக்கு மாத்துங்க. வாய் நம்மைப் பார்த்து இருக்கணும்னா அருவாளைத் திருப்பித்தான் பிடிக்கணும். திருப்பினா சரிவு அடியில போயிடும், தட்டைமுகம் மேல வந்துடும். இப்ப இழுத்தா அலகு மேல ஏறும். தூர் உயரமா நின்னுபோகும். தீவனப்புல்லுல தரையோட அறுக்கலைன்னா அடுத்த துளிர்ப்பு நல்லா வராது. அது போகட்டும். அலகு மேல ஏறுதுன்னா எங்க ஏறுது? புல்லைப் பிடிச்சிருக்கற கையை நோக்கி ஏறுது. அந்தக் கையில அலகுக்குப் பக்கத்துல இருக்கறது சுண்டு விரல்.

எங்க தோட்டத்துக்குப் புல்லறுக்க வர்ற ஒரு அக்கா இருக்காங்க. அம்பது தாண்டினவங்க, இடதுகைக்காரங்க. அவங்க வலது கை சுண்டு விரல்ல நுனிக் கணு இல்லை. வலதுகைக்காரங்களுக்கு அருவாள் பட்டா இடது விரல்தான் படும். இவங்களுக்கு வலது விரல் போச்சு, ஏன்னா பிடிக்கற கை அது. எப்படி ஆச்சுன்னு கேட்டா, "எனக்குக் கைவாகு இல்லீங் தம்பி"ங்கறாங்க. முப்பது வருசம் ஆச்சு, இன்னும் தப்பு தன் கையிலதான் இருக்குன்னு நம்பிட்டு இருக்காங்க. யாரும் அவங்களுக்கு அருவாள் தப்புன்னு சொல்லலை. அறுப்பு வரிசையிலயும் அவங்களை ஓரத்துலதான் நிறுத்துவாங்க. நடுவுல நின்னா பக்கத்து ஆள் முழங்கையில இடிக்குமாம். அந்த ஓரத்துல நிக்கறதுக்கு நாலு கேலி வேற.

கேலின்னதும் ஞாபகம் வருது. நம்ம மொழியில இடது கைக்கு வீட்டுல புழங்கற பேரைப் பாருங்க: நொட்டாங்கை, பீச்சாங்கை. வலது கை மட்டும் சோத்துக்கை. நானும் இடதுகைக்காரன்தான். எழுதறது மட்டும் பள்ளிக்கூடத்துல அடிச்சு வலது கைக்கு மாத்திட்டாங்க. விதை போடற அன்னைக்கு முதல் பிடி விதையை வலது கையால போடுன்னு என் அப்பச்சி கையைப் பிடிச்சுத் திருப்புவார். அது நம்பிக்கை, நான் சண்டைக்குப் போகலை. முதல் பிடி வலது, மிச்சம் இடதுன்னு எனக்கும் மண்ணுக்கும் ஒரு ஒப்பந்தம். ஆனா நகரத்துல இருக்கறவங்க ஆகஸ்ட் 13 வந்தா இடதுகைக்காரர்கள் தினம்னு அமிதாப் பச்சன் படம், சச்சின் படம் எல்லாம் அனுப்பறீங்களே. சச்சின் எழுதறது இடது கை, மட்டை பிடிச்சது வலது கை ஆட்டம்னு அதுல ஒரு துணுக்கு வேற. சந்தோசம். அந்த மரியாதை புல்லறுக்கற இடது கைக்கு ஏன் இல்லை? அவங்களுக்கு ஒரு அருவாள் வேணும்னு சொன்னா மட்டும் ஏன் சிரிப்பு வருது?

என் சொந்தக்காரப் பையன் ஒருத்தன் அமெரிக்காவுல டெக்சாஸ்ல இருக்கான். அங்க மான் வேட்டைக்கு சீசன் உண்டு, லைசென்ஸ் வாங்கிட்டு இவனும் போறான். இங்க நமக்கு 1972 வன உயிரினச் சட்டம் இருக்கு. காட்டுப்பன்னி தின்னது போக, மயில் கொத்தினது போக மிச்சத்தை அறுக்கறோம், அது வேற கதை. அவனும் எங்க வம்சம், இடதுகை. போல்ட் துப்பாக்கியில ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு கைப்பிடியைத் தூக்கி, பின்னால இழுத்து, முன்னால தள்ளி இறக்கணுமாம். சாதாரணமா அந்தக் கைப்பிடி வலது பக்கம் இருக்கும். இடது தோள்ல வச்சுச் சுடறவன் விசை பிடிச்ச கையை எடுத்து, துப்பாக்கிக்கு மேலால தாண்டிப் போய் அதை இழுக்கணும். அதுக்குள்ள குறியும் போச்சு, மானும் போச்சு.

அதுக்கு அங்க என்ன பண்றாங்க தெரியுமா? கைப்பிடியை இடது பக்கம் வச்சே துப்பாக்கி செய்யறாங்க. பெரிய கம்பெனிகள் சில மாடல்ல மட்டும் போடும். மிச்சத்துக்குச் சின்னப் பட்டறைகள் இருக்கு, நாலு பேர் அஞ்சு பேர் வேலை செய்யற இடம். இவன் அப்படி ஒரு பட்டறையில முன்பணம் கட்டி எட்டு மாசம் காத்திருந்து வாங்கியிருக்கான். கை நீளம், தோள் அளவெல்லாம் கேட்டாங்களாம். கடையில தொங்கற துப்பாக்கியை விட ரெண்டு மடங்குக்கு மேல விலை. "மாமா, இடதுகைன்னு சொன்னதும் ஒருத்தனும் ஏன்னு கேக்கலை, எப்ப வேணும்னுதான் கேட்டான்"னான். எனக்கு வேட்டையில விருப்பம் இல்லை. ஆனா அந்த ஒரு வார்த்தை பிடிச்சுது. வருசத்துல பத்து நாள் பொழுதுபோக்குக்குப் போறவனுக்கு அவன் கைக்கு ஏத்த கருவி கிடைக்குது. வருசம் 365 நாளும் வயித்துக்காகக் குனியறவளுக்குக் கிடைக்கலை.

ஏன் கிடைக்கலை? செய்யத் தெரிஞ்ச ஆள் இல்லாம இல்லை. கேட்க ஆள் இல்லை, கேட்டாலும் கொடுக்க மனசில்லை.

எங்க ஆசாரி அண்ணன் பட்டறையில நான் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். பழைய லாரிப் பட்டையை எடைக்கு வாங்கி வெட்டி வச்சிருக்கார். துருத்திக்குப் பதிலா இப்ப மோட்டார் ஊதுது. சம்மட்டி அடிக்க ஆள் இல்லாம அவர் வீட்டம்மாதான் அடிக்கறாங்க. பையன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிட்டான். அலகை நீட்டி வளைக்கறது அவருக்குத் தண்ணிபட்ட பாடு. கருக்கு வெட்ட உட்கார்ந்தப்பத்தான் நின்னுட்டார். நாப்பது வருசமா ஒரே பக்கம் சாய்ச்சு உளி வச்ச கை. இப்ப கண்ணாடியில பார்த்து எழுதற மாதிரி மறுபக்கம் சாய்க்கணும். முதல் அருவாள்ல பாதி தூரம் போனதும் கை தானாப் பழைய பக்கம் திரும்பிடுச்சு. அதைத் தூக்கி ஓரமாப் போட்டுட்டு, "இது போச்சுங்க"ன்னு அடுத்த பட்டையை நெருப்புல வச்சார். அந்தப் போன அருவாளுக்கு என்கிட்ட காசு கேக்கலை. ரெண்டாவதுக்குக் கருக்கு முடிச்சு, தோய்ச்சல் போட்டு, திரும்பவும் லேசாச் சூடு காட்டி நிறம் பார்த்து எடுத்தார். தோய்ச்சல் கூடினா பிஸ்கட் மாதிரி ஒடியும், குறைஞ்சா தகரம் மாதிரி மடங்கும். அளவு அவர் கண்ணுலதான் இருக்கு.

இரும்பு, கரி, ரெண்டு பேர் உழைப்பு, வீணாப்போன ஒண்ணு. எல்லாம் சேர்த்து 650. இதைத்தான் அநியாய விலைங்கறீங்க. நீங்க சொன்ன 180 ரூபாய் சாமானையும் நான் பார்த்தேன். தகட்டை மிஷின்ல அடிச்சு, ரெண்டு பக்கமும் சமமாச் சாணை பிடிச்சு, "இரு கைகளுக்கும் ஏற்றது"ன்னு போட்டிருக்கான். ரெண்டு கைக்கும் ஏத்ததுன்னா எந்தக் கைக்கும் ஏத்ததில்லைன்னு அர்த்தம். ரெண்டு மாசத்துல பிடி கழண்டு வந்துடுது, திரும்பச் சாணை பிடிக்க அதுல இரும்பும் இல்லை.

முன்னாடியெல்லாம் களத்து மேட்டுல ஆசாரிக்கு வருசத்துக்கு இவ்வளவுன்னு நெல் அளப்பாங்க, கருவிக்குத் தனியாக் காசு கிடையாதுன்னு பெரியவங்க பெருமையாச் சொல்வாங்க. அதைப் பொற்காலம்னு நான் சொல்ல வரலை. அளந்தது போதலைன்னாலும் வாயைத் திறக்க முடியாது, வாசப்படிக்கு வெளியதான் நிக்கணும். அது ஒழிஞ்சது நல்லதுதான். ஆனா அந்த ஏற்பாட்டை ஒழிச்சுட்டு, அதுக்குப் பதிலாப் பேரத்தைக் கொண்டுவந்து வச்சிருக்கோம்.

அரசாங்கமும் சும்மா இல்லை. 2023 செப்டம்பர் 17ல விஸ்வகர்மா திட்டம் தொடங்கினாங்க. 18 தொழில், அதுல கொல்லரும் உண்டு, கருவி வாங்க 15,000 ரூபாய் வரைக்கும். குலத்தொழிலை நிலைநிறுத்தற வேலைன்னு தமிழ்நாடு அரசு அதை ஏத்துக்காம, கலைஞர் கைவினைத் திட்டம்னு தனியாக் கொண்டுவந்துச்சு. யார் சொல்றது சரின்னு நீங்க சண்டை போட்டுக்குங்க. ஆசாரிக்குச் சுத்தியல் வாங்கித் தர்றதா பெரிசு? அவரே சுத்தியல் செய்யற ஆளு. அவருக்கு வேணும்கறது வேலை. இன்னொரு பக்கம் விவசாயிக்கு மானியத்துல கடப்பாரை, மண்வெட்டி, கதிரருவான்னு தொகுப்பாக் கொடுக்கறாங்க. அந்த அருவாளை அந்தந்த வட்டாரத்துப் பட்டறையில வாங்கினா என்ன? விண்ணப்பத்துல 'எந்தக் கை'ன்னு ஒரு கட்டம் போட்டா எவ்வளவு மை செலவாகும்? உலகத்துல சுமார் பத்துல ஒருத்தர் இடதுகைங்கறாங்க. ஒரு ஊராட்சிக்கு நூறு அருவாள்னா பத்து. அந்தப் பத்தைச் செஞ்சு பழகினா ஆசாரிக்கும் கை மறுபக்கம் சாயும், விலையும் இறங்கும்.

படிக்கற உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். ஊர்ல இருக்கற உங்க அம்மாவோ, பெரியம்மாவோ, அத்தையோ எந்தக் கையால புல் அறுக்கறாங்கன்னு தெரியுமா? பொங்கலுக்குப் போறப்ப பாருங்க. இடது கைன்னா, அவங்க வலது கை விரலையும் ஒரு தடவை பாருங்க. அப்புறம் பக்கத்துப் பட்டறைக்கு அவங்களையே கூட்டிட்டுப் போங்க. இடதுகைக்குன்னு மட்டும் சொன்னாப் பத்தாது. சரிவு மேல வரணும், கருக்கு அடியில வரணும், பிடியைப் பார்த்துச் சாயணும்னு பிடிச்சுக் காட்டிச் சொல்லுங்க. பாதிப் பணம் முன்னாடியே கொடுங்க. முதல் அருவாள் வீணானா அதுக்கும் சேர்த்துக் கொடுங்க. பண்டிகை நெருக்கத்துல அவசரப்படுத்தாதீங்க.

அந்த அக்காவுக்கு ஒண்ணு சொல்லிவச்சிருக்கேன். வேண்டாம்னாங்க, "இனி இந்த வயசுல எதுக்குங் தம்பி"ன்னாங்க. வெள்ளிக்கிழமை பட்டறைக்கு வரச் சொல்லியிருக்கார் ஆசாரி அண்ணன். பிடிக்குக் கை அளவு பார்க்கணுமாம்.