சர்க்கார் தந்த மடிக்கணினியைக் காயலான் கடைக்குப் போடாதீர்!

திண்டுக்கல் வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் பரண்மேல் ஒரு மடிக்கணினி கிடக்கிறது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மூத்த மகளுக்கோ மகனுக்கோ கிடைத்தது அது. சின்னாளபட்டி நெசவாளி வீட்டுக்கும், வேடசந்தூர் நூற்பாலைத் தொழிலாளி வீட்டுக்கும் அதுதான் முதல் கணினி. இன்று இளைய பிள்ளை அரசுத் தேர்வுக்குப் படிக்க அதைத் திறந்தால் திணறுகிறது. பழுது பார்க்கும் கடையிலோ, “இதுக்கு ஆயுசு முடிஞ்சு போச்சு, புதுசு வாங்கிக்குங்க” என்கிறார்கள்.

ஆயுசு முடிந்தது யாருக்கு? மைக்ரோசாப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்குத் தந்துவந்த பொது ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 11 கேட்பதோ டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறைக்குக் குறையாத செயலியும். அந்தத் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017-ல்தான்! திரையும் விசைப்பலகையும் செம்மையாக இருக்க, கம்பெனியின் தீர்மானம் ஒன்றால் யந்திரம் குப்பையாகிறது. புதிது வாங்கப் பல மாதக் கூலியைத் தொழிலாளி கொட்ட வேண்டுமாம்!

தேவையில்லை, தோழர்களே. லினக்ஸ் இருக்கிறது. 1991-ல் ஹெல்சின்கி நகரத்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியதை உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் கூடி வளர்த்தார்கள். யாரும் எடுக்கலாம், பிறருக்கும் கொடுக்கலாம். நம் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், சர்க்கார் மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்த்தே வந்தது. சொல்லிக் கொடுக்கத்தான் ஆளில்லை. பக்கத்துக் கேரளத்திலோ அரசுப் பள்ளிகள் கைட் நிறுவனம் தரும் லினக்ஸிலேயே பாடம் நடத்துகின்றன.

“எது நல்ல லினக்ஸ்?” என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கேள்வியே தலைகீழ். பூட்டைத் திறந்து உள்ளே பார்க்காமல் நம்மூர்த் தொழிலாளி சாவி அராவுவாரா? முதலில் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ராம் 4 ஜிபி இருந்தால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எப்சிஇ பதிப்பு தாராளமாக ஓடும். 2 ஜிபி என்றால் லுபுண்டு பார்க்கலாம். அதுவும் இழுத்தால் ஆன்டிஎக்ஸ். மிகப் பழைய 32 பிட் செயலியா? டெபியன் 13, 2025-ல் அதற்கான நிறுவல் வசதியைக் கைவிட்டது. ஆன்டிஎக்ஸ் 23-ல் உண்டு.

வம்பு செய்வது வைஃபை சில்லுதான். இன்டெல், அதெராஸ் என்றால் பொதுவாகக் கவலையில்லை. பிராட்காம் என்றால் தனி மென்பொருள் தேடி ஏற்ற வேண்டியிருக்கும். அதுவரை செல்போனைக் கம்பியால் இணைத்து இன்டர்நெட் வாங்கிக்கொள்ளலாம். இதையெல்லாம் வட்டில் கை வைக்குமுன்பே சோதிக்க முடியும். பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைக் கிளப்புங்கள். வைஃபை வருகிறதா, ஒலி கேட்கிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று அரைமணி நேரம் பாருங்கள். சரிப்படாவிட்டால் வேறொன்று. பிடித்தபின், உள்ளே இருக்கும் படங்களையும் சான்றிதழ்களையும் பிரதி எடுத்துவிட்டுத்தான் நிறுவ வேண்டும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. இலேசான லினக்ஸ் மிச்சப்படுத்தும் நினைவகத்தை, பிரவுசரில் பத்துப் பக்கம் திறந்தால் அதுவே விழுங்கிவிடும். கையில் கொஞ்சம் காசிருந்தால் பழைய வட்டைக் கழற்றி எஸ்எஸ்டி போடுவது எந்த லினக்ஸையும்விட அதிகப் பலன் தரும். டாலியில் கணக்கெழுதும் மண்டிக் குமாஸ்தாவுக்கு விண்டோஸ் இல்லாமல் ஆகாது. சில பிரிண்டர்களும் அடம்பிடிக்கும். ஆனால் படிக்க, எழுத, விண்ணப்பம் போட, தமிழ்99-ல் தட்டச்சு செய்ய ஒரு குறையுமில்லை.

இதைத் தனித்தனியே ஒவ்வொரு வீடும் கற்றுக்கொள்ள வேண்டுமென்பது என்ன நியாயம்? பொதுப்பணத்தில் வாங்கிய யந்திரங்கள் இவை. திண்டுக்கல் மாவட்ட மைய நூலகத்தில் ஞாயிறுதோறும் ஒரு மேசை, நாலைந்து பென்டிரைவ், விஷயம் தெரிந்த இரண்டு பாலிடெக்னிக் மாணவர்கள் போதும். சர்க்கார் செய்யட்டும், அதுவரை வாலிபர் சங்கக் கிளைகள் தங்கள் படிப்பகங்களில் தொடங்கலாம்.