கூரை பிரித்தவன் பெயர் எங்கே?

தொழிலாளத் தோழர்களே! காம்பார் வட்டாரத்தில் பழைய லயங்களைப் பிரிக்கும்போது, ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார்த் தகட்டை உடைத்து இறக்கும் வேலை நம்மவர் தலையில்தான் விழுகிறது. ஒரு நாள் கூலி. மூக்கைச் சுற்ற ஒரு துண்டு. துண்டு அந்தத் தூளைத் தடுக்குமா? கண்ணுக்குத் தெரியாத நார் நுரையீரலில் தங்கி, 20, 40 ஆண்டு கழித்து மூச்சுத் திணறலாக, புற்றாக வருகிறது. வெள்ளைக் கல்நார் தீங்கற்றதென்று சாதிப்பாரும் உண்டு. அதுவும் புற்றுநோய் தருவதே என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறிவிட்டது.

நோய் வரும் நாளில் துரை ஏது? தோட்டமே வீடமைப்பாகியிருக்கும்! சான்று கேட்டால் எதைக் காட்டுவது?

இதற்கு இந்திய உச்ச நீதிமன்றம் 1995-இல் வழி சொன்னது: கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை, வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டு அல்லது வேலை விட்டபின் 15 ஆண்டு, இரண்டில் எது பிந்தியதோ அதுவரை முதலாளி காக்க வேண்டும். இங்கே? அரை நாள் பேர் குறைந்தால் செக்ரோலைக் காட்டிச் சம்பளம் வெட்டுவார்கள். அந்தக் கணக்கை எழுதுகிற கிராணிமார் நாம் அறியாததா! கூரை பிரித்தவன் பெயரை எழுத மட்டும் மை இல்லையா?

தகட்டை நனைத்து, உடைக்காமல் முழுசாக இறக்க ஏற்பாடு செய்யட்டும். தக்க முகமூடி தரட்டும். நாளும் பெயரும் எழுதி, ஒரு படியை அவன் கையில் கொடுக்கட்டும். அதுவரை ஏணியில் கால் வைப்பதில்லை.