மூடிய கதவுக்குப் பின்னால் ஓர் அலுவலகம்



முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். காலையில் வருகைப் பதிவேட்டில் கையொப்பமிட்டு அமர்ந்தால், மாலையில் அன்றைய கணக்கு நேராகும் வரை எழுந்திருக்க இயலாது. அந்த நேரத்தில் வீட்டிலிருந்து எவரும் என்னை அழைத்ததில்லை. 'அவர் ஆபீஸில் இருக்கிறார்' என்ற ஒரு சொல்லே எனக்கு அரணாக இருந்தது. வேலை என்றால் வீட்டை விட்டுப் புறப்பட்டுப் போவது என்பது என் மனத்தில் ஊறிய இலக்கணம். அந்த இலக்கணத்தால் என் மருமகளுக்கு ஒரு நஷ்டத்தை நானே உண்டாக்கினேன். அதை ஒளிக்காமல் இந்த வாரம் எழுதுகிறேன்.

பேரன் பிறந்த பிறகு, சென்னையில் பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டு மருமகள் கும்பகோணத்தில் எங்களுடன் வந்து தங்கினாள். ஓராண்டு கழித்து, மாடி அறையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு ஏதோ வேலை செய்யத் தொடங்கினாள். 'வர்ச்சுவல் அசிஸ்டென்ட்' என்று அதற்குப் பெயர் சொன்னாள். நான் அதைப் பொழுதுபோக்கு என்று எண்ணிக்கொண்டேன். "வீட்டில்தானே இருக்கிறாள்" என்பது எங்கள் வீட்டில் அடிக்கடி புழங்கிய வாக்கியம். காஸ் சிலிண்டர் வந்தாலும், தாம்பூலம் கொடுக்க அண்டை வீட்டார் வந்தாலும் அவள்தான் மாடியிலிருந்து இறங்கிவர வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் ஊரிலிருந்து என் தமக்கை வந்திருந்தார். நான் மாடியேறிக் கதவைத் திறந்து, "அத்தை வந்திருக்கிறாள், சீக்கிரம் வந்து காபி போட்டுக் கொடம்மா" என்று உரத்த குரலில் கூறினேன். அவள் கையால் சைகை காட்டினாள். எனக்குப் புரியவில்லை, மறுபடியும் அதையே கூறினேன். அவள் ஏதோ சொல்லிவிட்டு இறங்கி வந்து காபி போட்டாள். ஒரு சொல்லும் குறை கூறவில்லை.

இரண்டு மாதம் கழித்து, வீட்டிலுள்ளோர் அனைவரின் பாஸ்புத்தகங்களையும் வழக்கம்போல் வங்கிக்கு எடுத்துச் சென்று பதிவு செய்து வந்தேன். மருமகளின் கணக்கில் ஒவ்வொரு மாதமும் வெளிநாட்டிலிருந்து வரவாகிக்கொண்டிருந்த தொகை நின்றுபோயிருந்தது. பழைய தொழிற்பழக்கம், கண்ணில் பட்டுவிட்டது. கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அன்றைக்கு லண்டனில் இருக்கும் ஓர் அம்மையாருக்காகக் கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன், மாமா. அவருடைய வாடிக்கையாளர்கள் நால்வர் திரையில் இருந்தார்கள். நடுவில் நான் எழுந்து வந்துவிட்டேன். அதற்கு முன்பும் இரண்டு முறை அப்படி ஆயிற்று. அடுத்த மாதத்திற்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அவர் மீது தவறில்லை."

என் மீதும் தவறு என்று அவள் சொல்லவில்லை. அதனால்தான் அது எனக்கு மிகவும் உறைத்தது. இந்த வேலையை விட்டுவிடலாமா என்றும் யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள்.

மறுநாள் அவள் அருகில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அந்த வேலை இன்னதென்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். எங்கோ இருக்கும் ஒரு சிறு தொழில்முனைவோருக்கு இங்கிருந்தே காரியதரிசியாக இருப்பதுதான் அது. வரும் மின்னஞ்சல்களைப் பிரித்து வைக்க வேண்டும். சந்திப்புகளுக்கு நேரம் குறிக்க வேண்டும். பயணச் சீட்டு எடுக்க வேண்டும். பில் அனுப்பி, பணம் வந்ததா என்று பார்க்க வேண்டும். வாடிக்கையாளரின் கேள்விக்குப் பணிவாகப் பதில் எழுத வேண்டும். இத்தனை மணி நேரம் என்று கணக்கிட்டுத்தான் கூலி.

நேரக் கணக்கும் லேசானதன்று. குளிர்காலத்தில் லண்டனில் காலை 9 மணி என்றால் நமக்குப் பிற்பகல் 2.30. மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்திவிடுவார்கள். அப்பொழுது அதே 9 மணி நமக்கு 1.30 ஆகிவிடும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று மறுபடி பழைய நிலை. இதை மறந்தால் ஒரு சந்திப்பே தவறிப்போகும். நாம் மதிய உறக்கம் கொள்ளும் நேரமும், மாலைக் காபியும், விளக்கேற்றும் வேளையும் அவளுக்கு அலுவலக நேரம்.

இன்னொன்றையும் அறிந்தேன். முதலாளியின் மின்னஞ்சலும் கடவுச்சொற்களும் அவள் கையில் இருக்கின்றன. நான் வங்கியில் சேர்ந்தபோது, நேர்மையும் இரகசியமும் காப்பேன் என்று உறுதிமொழிப் பத்திரத்தில் கையொப்பமிட்டேன். பெட்டகத்தின் இரண்டு சாவிகளில் ஒன்று என்னிடம் இருந்த ஆண்டுகளில் நிம்மதியாக உறங்கியதில்லை. முகம் கண்டிராத ஒருவர் கடல் கடந்து தம் சாவியை இவளிடம் ஒப்படைத்திருக்கிறார். இதையா நான் பொழுதுபோக்கு என்று நினைத்தேன்?

என் பிழைக்குப் பரிகாரமாக, எனக்குத் தெரிந்த தொழிலறிவை அவளுக்குக் கொடுக்க முற்பட்டேன். இத்தகைய வேலை பார்க்கும் மகளோ மருமகளோ பேத்தியோ உள்ள அன்பர்களுக்கும் அது பயன்படலாம்.

முதலாவது, எழுத்தில் ஒப்பந்தம். எத்தனை மணி நேரம், என்ன விகிதம், எந்தத் தேதியில் பணம், நிறுத்துவதானால் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பவை அதில் இருக்க வேண்டும். புதியவரானால் ஒரு பகுதியை முன்பணமாகக் கேட்பதில் தவறில்லை.

இரண்டாவது, கணக்கு. தொழில் வரவுக்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கையோ நடப்புக் கணக்கையோ வைத்துக்கொள்வது தெளிவு. பில்களுக்கு வரிசை எண் இடவேண்டும். வெளிநாட்டிலிருந்து பணம் வந்தால், அதற்கான வரவுச் சான்றை வங்கியிடம் கேட்டு வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு நிறுவனமே வரியைப் பிடித்துக் கட்டிவிடும். வெளிநாட்டார் அப்படிச் செய்வதில்லை. ஆண்டில் கட்டவேண்டிய வரி 10,000 ரூபாயை எட்டினால், முன்கூட்டியே வரி செலுத்த வேண்டிய கடமை வருகிறது. பொதுவாக ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களின் 15-ஆம் தேதிகள் அதற்குரிய தவணைகள்.

மூன்றாவது, நாளைய பாடு. எனக்கு வருங்கால வைப்பு நிதி இருந்தது. மருத்துவ விடுப்பு இருந்தது. இன்று ஓய்வூதியம் வருகிறது. அவளுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. காய்ச்சலில் படுத்தால் அன்றைய கூலி இல்லை. ஆகவே வரவில் ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்கச் சொன்னேன். பொது வருங்கால வைப்பு நிதியில் ஆண்டுக்கு 500 ரூபாய் முதல் 1,50,000 ரூபாய் வரை போடலாம். 15 ஆண்டுகளில் முதிர்வடையும். 2009-இல் குடிமக்கள் அனைவருக்கும் திறந்துவிடப்பட்ட தேசிய ஓய்வூதியத் திட்டமும் உண்டு. மருத்துவக் காப்பீட்டை இளம் வயதிலேயே எடுத்துவிடுவது நல்லது.

நான்காவது, எச்சரிக்கை. 'வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்' என்று வரும் குறுஞ்செய்திகளில் மோசடிகள் மலிந்துள்ளன. வேலை கொடுப்பவர் நமக்குப் பணம் தரவேண்டுமேயன்றி, பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று நம்மிடம் கேட்கக் கூடாது. கேட்டால் அங்கேயே விலகிவிடுங்கள். அதைவிடக் கொடியது, 'உங்கள் வங்கிக் கணக்கில் பணம் வரும். கழிவை எடுத்துக்கொண்டு மீதியை வேறு கணக்குக்கு அனுப்புங்கள்' என்பது. அது பெரும்பாலும் எவரிடமோ திருடிய பணம். கணக்கு முடக்கப்படுவதோடு வழக்கும் நம் வாசலுக்கு வரும். பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். தாமதிக்கத் தாமதிக்க மீட்பது அரிது.

இவ்வளவும் நான் அவளுக்குச் சொன்னவை. அவள் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "கதவு மூடியிருக்கும்போது மட்டும் கூப்பிடாதீர்கள், மாமா." அவ்வளவுதான். இப்பொழுது பிற்பகலில் அழைப்பு மணிக்கு நான் எழுந்து போகிறேன். என் மனைவி மாலை விளக்கை ஏற்றிவிட்டு, பேரனுக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறாள். காபி போடவும் நான் ஒருவாறு கற்றுக்கொண்டேன். தமக்கை வந்தபோது குடித்துப் பார்த்து, சர்க்கரை அதிகம் என்றார். மருமகள் வேலையை விடவில்லை. நான்கு மாதத் தேடலுக்குப் பின் வேறொருவர் கிடைத்தார். சென்ற மாதம் பாஸ்புத்தகத்தில் அந்த வரவைப் பார்த்தபோது, என் முதல் சம்பளம் நினைவுக்கு வந்தது.

சந்நிதியில் திரை போட்டிருக்கும்போது, வெகுதூரம் பயணம் செய்து வந்தவரும் 'சீக்கிரம் திறவுங்கள்' என்று குரல் கொடுப்பதில்லை. உள்ளே அலங்காரமோ நைவேத்தியமோ நடக்கிறது என்று அறிந்து அமைதியாக நிற்கிறோம். அந்தப் பொறுமை நமக்குப் பழக்கமானதுதான். அதில் சிறிதளவை, நம் வீட்டு மாடியில் மூடியிருக்கும் கதவின் முன்னும் காட்டுவோம்.