மொட்டை போடும்வரை காத்திருக்கலாமா? பச்சைக் குழந்தையின் தலையைத் தடவிப் பாருங்கள்!

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் எண்ணெய் தேய்த்து அருவியில் தலையைக் கொடுப்பது ஊர் வழக்கம். தென்காசி வட்டாரத்தில் கைக்குழந்தைக்கும் வீட்டில் எண்ணெய்க் குளியல் உண்டு. குளிப்பாட்டும் ஆச்சி, பிள்ளையின் தலையை இரு கையாலும் அணைத்து உருட்டி விடுவார்.

"தலை நீளமா இருக்கே ஆச்சி?" என்று பெற்றவள் கேட்டால், "உருட்ட உருட்டச் சரியாப் போயிரும் தாயி" என்பார்.

பெரும்பாலும் சரியாகத்தான் போகும். பிரசவத்தில் நசுங்கிய தலை சில வாரங்களில் தானே உருண்டுவிடும். ஆனால் சில குழந்தைகளுக்கு எத்தனை உருட்டினாலும் சரியாகாது. மண்டை ஓட்டு எலும்புகள் முன்கூட்டியே ஒட்டிக்கொள்வதுதான் காரணம்.

உச்சிக்குழி

பிறந்த குழந்தையின் மண்டை ஓடு ஒரே எலும்பு அல்ல, பல தகடுகள். நடுவில் நார் போன்ற பொருத்துகள் இருக்கின்றன. தொட்டால் மெத்தென்று இருக்கும் உச்சிக்குழியும், பொருத்துகள் கூடும் ஓர் இடைவெளிதான். உள்ளே மூளை வளர வளர, இந்தப் பொருத்துகள் இடம் கொடுக்கும். பிறக்கும்போது சுமார் 35 சென்டிமீட்டர் இருக்கும் தலைச் சுற்றளவு, ஒரு வயதில் சுமார் 46 ஆகிவிடுகிறது!

இடையில் ஒரு பொருத்து மூடிக்கொண்டால் தலை வேறு பக்கம் நீளும். ஜெர்மனி டாக்டர் விர்ச்சோ 1851-ம் ஆண்டிலேயே இதை விளக்கினார். உச்சி நடுவில் மூடினால் தலை படகு போல முன்னும் பின்னும் நீளும். நெற்றி நடுவில் மூடினால் நெற்றி முக்கோணமாகும். சுமார் 2,000 முதல் 2,500 குழந்தைகளில் ஒன்றுக்கு இது வருகிறது.

பழி யாருக்கு?

"கிரகணத்தன்னிக்கு வெளியே போனா", "ஒருக்களிச்சுப் படுக்கல" என்று தாயின் மீது பழி போடுவது அநியாயம். அவள் செய்த எதனாலும் இது வருவதில்லை. சில குழந்தைகளுக்கு மரபணுக் கோளாறு காரணம். வீட்டார் வாய்க்குப் பயந்து பெற்றவள் மறைத்தால், நஷ்டம் குழந்தைக்குத்தான்.

நாள் முக்கியம்

கவனிக்காமல் விட்டால் முகம் கோணலாகலாம். சில குழந்தைகளுக்கு மூளையில் அழுத்தம் கூடிப் பார்வையே கெடலாம். மூன்று, நான்கு மாதத்துக்குள் கண்டுபிடித்தால் சிறு துளை போட்டு, குழாய்க் கருவி மூலம் ஆபரேஷன் செய்ய வழி இருக்கிறது. தாமதமானால் மண்டை ஓட்டைத் திறந்து எலும்புகளைத் திருத்தி அமைக்கும் பெரிய ஆபரேஷன்தான்.

முடி மறைத்த கோணல் மொட்டை போட்டால் பளிச்சென்று தெரியும். ஆனால் ஒன்பதாம் மாதமோ பதினோராம் மாதமோ மொட்டை போடுவதற்குள் அந்தச் சிறிய ஆபரேஷனுக்கான காலம் ஓடிவிடுகிறதே!

இஞ்சு டேப் போதும்

இதற்குப் பெரிய திட்டம் வேண்டாம். 6, 10, 14-வது வாரங்களில் தடுப்பூசிக்குக் குழந்தை வந்தே தீரும். அப்போதே நர்ஸ் டேப் வைத்துத் தலையை அளந்து கார்டில் எழுதலாம். அளவு மட்டும் போதாது. அளவு சரியாக இருந்தும் வடிவம் மாறியிருக்கலாம். ஆகவே தலையை மேலிருந்து பார்க்க வேண்டும். பொருத்துகளின் மேல் விரலை ஓட்ட வேண்டும். வரப்பு போல மேடு தட்டினால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும்.

"எல்லாத் தாயும் பயந்து ஓடி வருவாங்களே" என்று சிலர் கேட்கலாம். ஒரே பக்கமாகப் படுத்துத் தலை தட்டையாகும் குழந்தைகளே அதிகம். அதற்கு ஆபரேஷன் வேண்டாம். படுக்கும் பக்கத்தை மாற்றினாலே பெரும்பாலும் சரியாகும். எது எது என்று பிரித்துச் சொல்லத்தானே டாக்டர்? பயத்தைப் போக்குவதும் வைத்தியம்தான்.

தென்காசி 2019 நவம்பர் 22-ந் தேதி தனி மாவட்டமானது. இங்கே அரசு தலைமை ஆஸ்பத்திரி இருக்கிறது. சுமார் 55 கிலோமீட்டரில் நெல்லை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. குழந்தைகளைப் பரிசோதிக்க 2013-ல் தொடங்கிய தேசியத் திட்டமும் இருக்கிறது. இல்லாதது, தடுப்பூசி அறையிலிருந்து மூளை ஆபரேஷன் டாக்டர் வரை வழிகாட்டும் ஒரு சீட்டுத்தான். கூலி வேலைக்குப் போகிற தாய், யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் பஸ் பஸ்ஸாக ஏறி அலையக் கூடாது.

டேப்பின் விலை சில ரூபாய். பார்க்க ஆகும் நேரம் இரண்டு நிமிடம். சுகாதாரத் துறை கவனிக்குமா?