மே மாதச் சம்பளம்



அட்மிஷன் நேரம் வந்துவிட்டால் நம் வீடுகளில் பேச்சே மாறிவிடும். எந்தக் காலேஜ், ஃபீஸ் எவ்வளவு, ஹாஸ்டலில் சாப்பாடு எப்படி, கேம்பஸ் இன்டர்வியூவுக்கு எந்தெந்தக் கம்பெனி வருகிறது? எல்லாவற்றையும் விசாரிப்போம். கொடுப்பது நம் பணம், விசாரிக்கத்தான் வேண்டும். ஆனால் நம் பிள்ளைக்குப் பாடம் நடத்தப்போகிறவருக்குச் சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்று யாராவது கேட்டிருக்கிறோமா?

தமிழக அரசு கலைக் கல்லூரிகளில் பல துறைகள் கௌரவ விரிவுரையாளர்களை நம்பித்தான் ஓடுகின்றன. பலர் பிஎச்.டி. முடித்தவர்கள், நெட் அல்லது செட் தேர்வில் தேறியவர்கள். இவர்களுடைய தொகுப்பூதியம் நீண்ட கோரிக்கைக்குப் பிறகு 20,000 ரூபாயிலிருந்து 25,000 ஆனது. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யோ 2019லேயே ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்று வழிகாட்டியிருக்கிறது.

தொகையை விட என்னை உறுத்துவது இன்னொன்று. ஆண்டுக்கு 11 மாதம்தான் ஊதியம். மே மாதம் கிடையாது. அடுத்து வருவது ஜூன். இவர்கள் வீட்டுப் பிள்ளைக்கும் ஸ்கூல் ஃபீஸ், யூனிஃபார்ம், நோட்டுப் புத்தகம் எல்லாம் உண்டு அல்லவா? வீட்டுக்காரர் மே மாத வாடகைக்கு மட்டும் லீவு கொடுப்பாரா? கோடையில் எத்தனை வீட்டு நகைகள் அடகுக்கடைக்குப் போகின்றன என்பது அந்தந்த வீட்டுப் பெண்களுக்குத்தான் தெரியும்.

நிரந்தர வேலை என்றால் நிம்மதி என்று நினைத்தோம். 1857ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு என்ன ஆனது? 424 கோடி ரூபாய் வரி பாக்கி என்று சொல்லி 2024 பிப்ரவரியில் வருமான வரித்துறை அதன் வங்கிக் கணக்குகளை முடக்கியது. சம்பளமும் பென்ஷனும் கேள்விக்குறியாயின. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சம்பளம் மாதக்கணக்கில் தள்ளிப்போய், ஊழியர்களும் ஓய்வுபெற்றவர்களும் போராட வேண்டியிருந்தது. எழுபது வயதில் சுகர் மாத்திரை வாங்கப் பென்ஷனை எதிர்பார்த்திருப்பவருக்கு, துணைவேந்தரை நியமிப்பதில் ஆளுநர் சரியா அரசு சரியா என்ற வாதத்தால் என்ன பயன்? அந்த இழுபறியில் துணைவேந்தர் நாற்காலிகள் நெடுநாள் காலியாகக் கிடந்தன. மேலே கையெழுத்துப் போட ஆளில்லாவிட்டால் கீழே கிளார்க்கின் பதவி உயர்வு ஃபைலும் நகராது.

இந்த நிலையில், ஊழியர்களின் மன நலத்துக்கென்று ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட் வகுப்பு நடத்துகிறார்கள். ஜூன் 21 அன்று யோகா. நல்லதுதான், நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் இ.எம்.ஐ. திரும்பிப்போன கவலை மூச்சுப்பயிற்சியில் தீருமா? முதல் தேதி சம்பளம் போட்டுவிட்டுப் பிறகு யோகா சொல்லிக்கொடுத்தால் போதும்.

'வாரத்துக்கு 16 மணி நேரம்தானே கிளாஸ்?' என்று சிலர் கேட்பார்கள். உதவிப் பேராசிரியருக்கு யு.ஜி.சி. சொல்லும் வகுப்பு நேரம் அதுதான். ஆனால் பேப்பர் திருத்துவது, 'நாக்' தர மதிப்பீட்டுக் குழு வருகிறதென்றால் வருஷக்கணக்கான ஃபைல்களைத் தயார் செய்வது எல்லாம் அதற்கு வெளியே. சில தனியார் கல்லூரிகளில் மாணவர் சேர்க்கைக்கு ஊர் ஊராக ஆள் பிடிக்கவும் அனுப்புகிறார்கள். வேறு வேலைக்குப் போய்விடாதபடி ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் இடங்களும் இருக்கின்றன. இதைப் பற்றி எந்தப் ப்ராஸ்பெக்டஸிலாவது படித்திருக்கிறீர்களா?

சட்டம் இல்லாமலும் இல்லை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று பேறுகாலப் பயன் சட்டத்தின் திருத்தம் 2017லேயே சொல்லிவிட்டது. கடை ஊழியர்கள் உட்கார நாற்காலி தரவேண்டும் என்று 2021ல் தமிழ்நாடு சட்டம் போட்டது, பெருமையான விஷயம். நாளெல்லாம் நின்றபடி கத்திப் பாடம் நடத்தும் பேராசிரியையின் கால்வலியையும் தொண்டைவலியையும் யார் கேட்பது?

நாம்தான் கேட்கவேண்டும். இந்த வருஷம் அட்மிஷனுக்குப் போகும்போது கூடுதலாக இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தத் துறையில் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர்? மற்றவர்களுக்கு மே மாதம் சம்பளம் உண்டா? தனியார் கல்லூரி பதில் சொல்லத் தயங்கினால், ஃபீஸ் கட்டுமுன் இன்னொரு முறை யோசியுங்கள். அரசுக் கல்லூரி என்றால், ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் இதே கேள்வியைக் கேளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்