வகுத்தல் கணக்கை மறுபரிசீலிப்போம்

எக்ஸ் குரோமோசோம்களின் எண்ணிக்கையை ஆட்டோசோம் தொகுதிகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். விடை 1 என்றால் பெண், 0.5 என்றால் ஆண், இரண்டுக்கும் நடுவே என்றால் இடைப்பாலி. டிரோசோஃபிலா பாடம் வந்தாலே கரும்பலகையில் ஏறும் அட்டவணை இது. மும்மடிய ஈக்களை ஆராய்ந்து 1921இல் கால்வின் பிரிட்ஜஸ் முன்வைத்த மரபணுச் சமநிலைக் கொள்கையே இதன் அடிப்படை. இந்த ஈயில் ஒய் குரோமோசோம் பாலைத் தீர்மானிப்பதில்லை என்பதை அவரது ஆய்வுகள் ஐயமற நிறுவின. ஆனால், கரு உண்மையிலேயே விகிதத்தைத்தான் அளக்கிறதா?

இல்லை என்று 2007இல் எரிக்சனும் குயின்டெரோவும் காட்டினர். எக்ஸில் உள்ள ஸ்கூட், சிஸ்டர்லெஸ்-ஏ போன்ற மரபணுக்களின் புரதங்கள் செக்ஸ்-லீத்தல் மரபணுவின் தொடக்க ப்ரமோட்டரை இயக்குகின்றன. இரு எக்ஸ் இருந்தால், செல்சவ்வுகள் எழுந்து செல்லாக்கம் நடக்கும் 14ஆம் உட்கருச் சுழற்சிக்குள் தேவையான அளவு சேர்ந்துவிடும். ஓர் எக்ஸ் மட்டும் இருந்தால் சேராது. ஒற்றைமடியக் கருவுக்கு ஓர் எக்ஸ்தான். ஆயினும் அதில் செல்லாக்கம் ஒரு சுழற்சி தாமதமாவதால் ப்ரமோட்டருக்குக் கூடுதல் அவகாசம் கிடைக்கிறது. கரு பெண் வழியில் செல்கிறது. இரு எக்ஸ் கொண்ட மும்மடியக் கருவில் செல்லாக்கம் முந்திக்கொள்ள, சில செல்களில் மரபணு இயங்குகிறது, சிலவற்றில் இயங்குவதில்லை. இடைப்பாலி பிறப்பது இப்படித்தான்.

ஆட்டோசோமுக்குப் பங்கே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. அதிலுள்ள டெட்பேன் மரபணு இந்த இயக்கத்தைத் தடுக்கிறது. ஆனால் அதன் பங்கு எக்ஸ் மரபணுக்களின் பங்கைவிடச் சிறியது. இயல்பான இருமடியக் கருவில் முடிவைத் தருவது எக்ஸின் அளவே. மடியநிலை மாறும்போது காலமும் சேர்ந்து மாறுகிறது. பிரிட்ஜஸ் கண்ட விகிதம் இந்த இரண்டின் கூட்டு விளைவு.

இந்த வேறுபாடு வெறும் ஏட்டுச் சர்ச்சை அல்ல. விகிதம்தான் காரணம் என்று நம்பும் மாணவர், எக்ஸையும் ஆட்டோசோமையும் ஒப்பிடும் ஒரு மூலக்கூற்றைத் தேடிக்கொண்டிருப்பார். நேரமும் காரணம் என்று அறிந்தவர் கருவின் வயதைக் கவனித்துச் சோதனையை வடிவமைப்பார். ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு பரிந்துரை: பழைய அட்டவணையை அழிக்க வேண்டாம், செல்லாக்கம் எந்தச் சுழற்சியில் தொடங்குகிறது என்ற ஒரு பத்தியை அதில் சேருங்கள். வினாத்தாள் அமைப்போர், விகிதத்தைக் கணக்கிடச் சொல்வதோடு நிற்காமல், ஒற்றைமடியக் கரு ஏன் பெண் வழியில் செல்கிறது என்றும் கேட்கட்டும்.