கூட்டத்துக்கு முன் ஒரு தாள்

நம்மூர்க் கடைக்காரர் கூட்டம் இஷாவுக்குப் பிறகு தொடங்கினால் முடிய பதினொரு மணியாகும். கதைப்பது அதே நாலு பேர். மற்றவர்கள் பிளேன்டீ குடித்துவிட்டுக் கை தூக்குவார்கள். இதற்குப் பெயர் மஷூராவாம்! வீட்டிலிருந்தே இடியப்பம், தையல் என்று தொழில் செய்யும் சகோதரிகளுக்கு அங்கே ஒரு கதிரையும் இல்லை. ஆனால் சந்தாவும் கடை நேரமும் அவர்களுக்கும் சேர்த்தே முடிவாகிறது.

அமேசன் கம்பனியில் 2004இல் ஜெஃப் பெசோஸ் பவர்பொயின்டை நிறுத்தினார். விஷயத்தை ஆறு பக்கத்துக்குள் எழுதி, எல்லோரும் மௌனமாக வாசித்த பிறகுதான் பேச்சு. நமக்கு ஆறு பக்கம் எதற்கு? ஒரு தாள் போதும். முதல் நாளே வட்ஸ்அப்பில் போடுங்கள். வாசிக்கச் சிரமப்படுபவர்களுக்குக் குரல் பதிவாக அனுப்புங்கள். சகோதரிகளும் பதில் சொல்லட்டும். வந்த பதில்களையெல்லாம் வாசித்த பிறகே தலைவர் வாய் திறக்கட்டும். நோன்பு காலக் கடை நேரத்தை முதலில் இப்படி முடிவெடுத்துப் பாருங்களேன்.